போனில் எடுத்த டிக்கெட்டும் வண்டியில் வரும் செக்கிங்கும்

"டிக்கெட் போன்ல இருக்குங்க சார்" என்று சொல்லிவிட்டால் செக்கிங் முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். டிடிஆரைப் பொறுத்தவரை அது பாதிப் பதில்தான். போனில் எங்கே இருக்கிறது, என்னவாக இருக்கிறது என்பது அவருக்கு வேண்டிய மீதிப் பாதி. கேலரியில் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கலாம், மெசேஜ் பெட்டியில் எஸ்எம்எஸ்ஸாக இருக்கலாம், ரயில்வே ஆப்புக்குள்ளேயே இருக்கலாம். எது என்பதைப் பொறுத்து அதே பயணம் ஒழுங்கான பயணமாகவும் ஆகும், டிக்கெட் இல்லாத பயணமாகவும் ஆகும். காசு கொடுத்தது உண்மைதானே என்று அப்போது வாதாடிப் பிரயோஜனமில்லை.

சேலம் ஜங்ஷனில் ஏறி ஈரோடு, கோவை, சென்னை என்று போகிறவர்களையும், புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்காடு ஏறுகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கவுன்டரிலும் கண்டக்டரிடமும் தாளாக வாங்கியே பழகி, இப்போதுதான் போனுக்கு மாறுகிறவர்களுக்கு இது உதவும். ஊரில் இருக்கும் அப்பாருவுக்கும் அம்மாயிக்கும் வெளியூரிலிருந்து டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற பிள்ளைகளுக்கும்தான்.

டிக்கெட் எங்கே இருக்கிறது?

தாள் டிக்கெட்டில் குழப்பமே கிடையாது. தாள்தான் டிக்கெட். கையில் இருந்தால் பயணம், தொலைந்தால் போச்சு. போன் டிக்கெட் அப்படி இல்லை. ரயில்வேயின் சர்வரில் விழுந்திருக்கும் ஒரு பதிவுதான் உண்மையான டிக்கெட். எங்கிருந்து எங்கே, எத்தனை பேர், எந்த வகை வண்டி, எத்தனை மணிக்கு எடுத்தது எல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். ரேஷன் கார்டை நாலு ஜெராக்ஸ் எடுத்தால் நாலு மடங்கு அரிசி கிடைக்காது, கடையில் பார்ப்பது மெஷினில் இருக்கும் கணக்கை. இதுவும் அந்த மாதிரிதான்.

சரி, பதிவு எங்கோ சர்வரில் இருக்கிறது. வண்டியில் உட்கார்ந்திருக்கும் இந்த ஆளுக்குத்தான் அது உரியது என்று டிடிஆருக்கு எப்படித் தெரியும்? அதற்காகவே ஒவ்வொரு வகை டிக்கெட்டையும் ஏதோ ஒன்றோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த முடிச்சு எது என்று பிடித்துவிட்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை. ரிசர்வேஷன் டிக்கெட் ஆளோடு முடிச்சுப் போட்டது, அதனால் அடையாள அட்டை கேட்கிறார்கள். ஆப்பில் எடுக்கும் ஜெனரல் டிக்கெட் போனோடு முடிச்சுப் போட்டது, அதனால் அந்தப் போனையே காட்டச் சொல்கிறார்கள். அரசு பஸ்ஸில் பணம் ஜிபேயில் போனாலும் டிக்கெட் என்பது கண்டக்டர் மெஷினில் வரும் தாள்தான். அங்கே செக்கிங்காரர் தாளைத்தான் கேட்பார்.

பேரன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான், சேலத்தில் இருக்கும் அம்மாயி கோவை போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வேஷன் டிக்கெட் என்றால் பெங்களூரிலிருந்தே எடுத்து எஸ்எம்எஸ்ஸை அனுப்பி வைத்தால் போதும். அம்மாயி பட்டன் போனில் அந்த மெசேஜையும் பையில் ஒரிஜினல் ஆதார் கார்டையும் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போகலாம். அதே பேரன் ஜெனரல் டிக்கெட்டைத் தன் போனில் எடுத்து, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது வெறும் படம். முடிச்சு இருக்கிற போன் பெங்களூரில் இருக்கிறது, பயணம் செய்கிறவர் சேலத்தில் இருக்கிறார். அம்மாயியிடம் அபராதம் கேட்பார்கள், கேட்பது விதிப்படியும் சரி.

ஜெனரல் டிக்கெட்டுக்குப் போன்தான் ஆதாரம்

முன்பதிவில்லா டிக்கெட்டுக்கான யுடிஎஸ் ஆப் 2014-ல் மும்பையில் தொடங்கி, 2018-ல் நாடு முழுக்க வந்தது. 2025 ஜூலை 1 அன்று ரயில்வே 'ரயில்ஒன்' என்ற ஆப்பை வெளியிட்டது. ஜெனரல் டிக்கெட், ரிசர்வேஷன், பிளாட்பார டிக்கெட், புகார் எல்லாம் அதில் ஒன்றாக இருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக ரயில்ஒன்னையே போட்டுக்கொள்ளலாம்.

மொபைல் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்து, ஒரு ரகசிய எண் வைத்துக்கொண்டால் ஆப் தயார். ஏறும் ஸ்டேஷன், இறங்கும் ஸ்டேஷன், எத்தனை பேர், எந்த வகை வண்டி என்று தேர்ந்தெடுத்து, யுபிஐயிலோ ரயில்வேயின் ஆர்-வாலெட்டிலோ பணம் கட்டினால் டிக்கெட். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் கை தவறும்.

முதலாவது ஸ்டேஷன் பெயர். சேலத்தில் ஜங்ஷன் சூரமங்கலம் பக்கம் இருக்கிறது. விருத்தாசலம் பாதையில் சேலம் டவுன், சேலம் மார்க்கெட் என்று வேறு ஸ்டேஷன்களும் உண்டு. பெயரைத் தட்டும்போது முதலில் வருவதை அமுக்கிவிடாமல் எது என்று பார்த்து அமுக்குங்கள்.

இரண்டாவது வண்டி வகை, இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். சாதாரண வண்டி, மெயில் அல்லது எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட் என்று ஆப் கேட்கும். கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று சாதாரண வண்டிக்கு எடுத்துவிட்டு, முதலில் வந்த எக்ஸ்பிரஸ்ஸில் ஏறினால் அது தவறான டிக்கெட். மெமு, பாசஞ்சர் எல்லாம் சாதாரண வகை. சூப்பர்ஃபாஸ்டுக்கு இரண்டாம் வகுப்பில் 15 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டி எண்ணைப் பாருங்கள். 12, 20, 22 என்று தொடங்கினால் பொதுவாக சூப்பர்ஃபாஸ்ட். கோவை எக்ஸ்பிரஸ் 12675, ஏற்காடு எக்ஸ்பிரஸ் 22649, இரண்டுமே இந்த வகை. (வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது. சென்னையிலிருந்து சேலம் வழியாக ஈரோடு போகிற ராத்திரி வண்டி அது. மலைக்கு ரயிலே கிடையாது.) வந்தே பாரத்தில் ஜெனரல் பெட்டியே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி எல்லோரும் எரிச்சலாகும் விஷயத்துக்கு வருவோம். ஸ்டேஷனுக்குள் போய் நின்றுகொண்டு டிக்கெட் எடுக்கப் பார்த்தால் ஆப் மறுக்கும். ஜிபிஎஸ்ஸை வைத்து நீங்கள் ஸ்டேஷன் வளாகத்திலோ தண்டவாளத்துக்குப் பக்கத்திலோ இல்லை என்று பார்த்துத்தான் அது அனுமதிக்கிறது. ஏன் இந்தக் கெடுபிடி? இது இல்லையென்றால் யாரும் முன்கூட்டியே டிக்கெட் எடுக்க மாட்டார்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்து, தூரத்தில் டிடிஆரின் கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் பட்டென்று எடுத்துக்கொள்வார்கள். செக்கிங் என்ற ஏற்பாட்டுக்கே அர்த்தம் போய்விடும். இந்தக் கெடுபிடி நியாயமானது என்றுதான் நான் சொல்வேன். வீட்டிலிருந்தோ, ஜங்ஷனுக்குப் போகிற டவுன் பஸ்ஸிலிருந்தோ எடுத்துவிட்டால் பிரச்சினையே வராது. முன்பு ஸ்டேஷனிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் எடுக்க முடியும் என்று வெளி எல்லையும் வைத்திருந்தார்கள். 2024-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

அவசரத்தில் ஸ்டேஷனுக்குள் வந்தே விட்டீர்கள் என்றால், சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடைத் தேடுங்கள். ஆப்பில் அதை ஸ்கேன் செய்தால் உள்ளே நின்றபடியே டிக்கெட் எடுக்கலாம். அந்தக் கோடு ஸ்டேஷனில்தான் இருக்கிறது, ஓடும் வண்டியில் இல்லை, அதனால் ரயில்வேக்கும் கவலை இல்லை.

முன்கூட்டியே எடுக்கலாம் என்பதற்காகக் காலையில் எடுத்து மாலையில் போகவும் முடியாது. 199 கிலோமீட்டர் வரையிலான ஜெனரல் டிக்கெட்டை எடுத்த 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். சேலத்திலிருந்து ஈரோடும் கோவையும் இந்தத் தூரத்துக்குள்தான் வருகின்றன. தாளில்லாத டிக்கெட்டை எடுத்தபின் ரத்து செய்யவும் முடியாது. அதனால் புறப்படுவது உறுதி என்று தெரிந்த பிறகு எடுப்பதே நல்லது.

செக்கிங்கில் ஆப்பைத் திறந்து, டிக்கெட்டைக் காட்டும் பட்டனை அமுக்கிக் காட்ட வேண்டும். அதற்கு இன்டர்நெட் தேவையில்லை, டவர் இல்லாத இடத்திலும் திறக்கும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. ஒரே படத்தைப் பத்துப் பேர் வைத்துக்கொள்ள முடியும் என்பதுதான் காரணம், உங்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்பதல்ல. போனில் சார்ஜ் தீர்ந்து டிக்கெட்டைக் காட்ட முடியவில்லை என்றால் டிக்கெட் இல்லாதவர் கணக்கில்தான் வருவீர்கள். ராத்திரி வண்டியில் ஜெனரல் பெட்டியில் சார்ஜ் போடும் இடம் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம், ஒரு பவர் பேங்க் அபராதத்தைவிட மலிவு. இறங்கிய பிறகும் போனை அணைத்துவிட வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் நின்று கேட்கிறவரிடமும் காட்ட வேண்டிய கடமை இருக்கிறது.

போன் வேண்டாம், தாள்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஆப்பிலேயே பிரிண்ட் எடுக்கும் வகை ஒன்று உண்டு. அதில் எடுத்தால் புக்கிங் எண் கிடைக்கும், ஸ்டேஷனில் உள்ள தானியங்கி டிக்கெட் மெஷினில் அதைக் கொடுத்துத் தாளாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெங்களூர்ப் பேரனுக்கு இதுதான் சரியான வழி. ஆனால் இந்த வகையில் தாளை எடுக்காமல் வண்டி ஏறினால் டிக்கெட் செல்லாது.

இன்னொன்று. யுபிஐயில் பணம் போய்விட்டது, ஆப்பில் டிக்கெட் வரவில்லை. இது அடிக்கடி நடக்கிறது. பணம் கழிந்ததாக வரும் மெசேஜ் டிக்கெட் ஆகாது. புக்கிங் எண்ணோடு டிக்கெட் ஆப்பில் தெரிந்தால்தான் டிக்கெட். அந்தப் பணம் பொதுவாகச் சில நாளில் கணக்குக்குத் திரும்பிவிடும், அன்றைய பயணத்துக்கு வேறு டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். வங்கி மெசேஜைக் காட்டி டிடிஆரிடம் கெஞ்சுவது வேலைக்காகாது.

ரிசர்வேஷனில் ஆள்தான் முக்கியம்

இங்கே விஷயம் சுலபம். பிரிண்ட் வேண்டாம், ஐஆர்சிடிசியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்ஸோ ஆப்பில் உள்ள டிக்கெட்டோ போதும். டிடிஆர் இப்போதெல்லாம் கையில் ஒரு டேப்லெட் வைத்துக்கொண்டு பெயரைப் பார்த்து டிக் செய்துகொண்டே போகிறார். அவருக்குத் தேவை, சீட்டில் இருப்பது பட்டியலில் உள்ள ஆள்தானா என்பது. அதனால் ஒரே டிக்கெட்டில் போகிறவர்களில் ஒருவரிடமாவது ஒரிஜினல் அடையாள அட்டை இருக்க வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட் போன்றவை செல்லும். டிஜிலாக்கரில் (அரசின் ஆவண ஆப்) அரசுத் துறையே நேரடியாக வழங்கிய ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் செல்லும். நீங்களே போட்டோ எடுத்து அதில் ஏற்றிய நகல் செல்லாது.

குடும்பமாகப் போகும்போது ஒரு சிக்கல் வரும். நாலு பேருக்கு ஒரே டிக்கெட், அட்டைகள் எல்லாம் அப்பாவின் பர்ஸில். கடைசி நேரத்தில் அப்பா வர முடியாமல் போய், மற்ற மூவரும் ஏறுகிறார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது, பணமும் கட்டியாயிற்று, ஆனால் நிரூபிக்க அட்டை இல்லை. விதிப்படி மூவருமே டிக்கெட் இல்லாதவர்கள் ஆகிவிடலாம். ஆளுக்கொரு அட்டையை அவரவர் பையில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். அட்டை இருந்து, எஸ்எம்எஸ்ஸும் பிரிண்ட்டும் எதுவும் காட்ட முடியவில்லை என்றால் அது சின்னக் குறைதான். டிக்கெட்டுக்கு 50 ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்க விதி இருக்கிறது.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட் முழுவதும் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டால், சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) போட்டதும் அது தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. நீங்கள் போக முடியாத டிக்கெட்டைத் தெரிந்தவருக்குக் கொடுக்கவும் கூடாது. அப்பா, அம்மா, பிள்ளைகள், கணவன், மனைவி, உடன்பிறந்தவர்கள் என்றால் மட்டும், வண்டி கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துப் பெயரை மாற்றலாம்.

அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் இணையதளத்திலும் ஆப்பிலும் நீண்ட தூர பஸ்ஸுக்கு முன்பதிவு செய்தாலும் இதே கதைதான். போனில் டிக்கெட், கையில் அடையாள அட்டை.

டவுன் பஸ்ஸும் மலை பஸ்ஸும்

பஸ்ஸில் பணம்தான் போனுக்கு மாறியிருக்கிறது, டிக்கெட் மாறவில்லை. பல அரசு பஸ்களில் கண்டக்டர் கையில் இருக்கும் மெஷினே க்யூஆர் காட்டுகிறது. நீங்கள் ஸ்கேன் செய்து பணம் போனதும் தாள் வரும், அந்தத் தாள்தான் டிக்கெட். "ஜிபே பண்ணிட்டேன், டிக்கெட் வேண்டாம்" என்று பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டாம். செக்கிங்காரர் ஏறினால் உங்களுக்கும் சிக்கல், கண்டக்டருக்கு அதைவிடப் பெரிய சிக்கல்.

வாங்கியதும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். எங்கிருந்து எங்கே, எத்தனை பேர், எவ்வளவு, எந்தத் தேதி, எத்தனை மணி எல்லாம் அதில் இருக்கும். ஆள் கணக்குத்தான் முக்கியம். நம் ஊர் பஸ்ஸில் பெண்கள் முன்னாடியும் ஆண்கள் பின்னாடியும் ஏறுகிறோம். கணவர் பின்னாலிருந்து "ரெண்டு ஏற்காடு" என்று வாங்கி, ஒரே தாளில் இரண்டு பேருக்கும் வந்திருக்கும். செக்கிங்காரர் முன் படியில் ஏறி மனைவியிடம் கேட்பார். "பின்னாடி வெச்சிருக்காருங்க" என்று கை காட்டி, கணவர் அங்கிருந்து தாளைத் தூக்கிக் காட்டுகிற காட்சி கூட்டமான பஸ்ஸில் சகஜம். அதில் தப்பொன்றும் இல்லை. தாளில் 2 என்று இருக்க வேண்டும், தாள் வைத்திருப்பவர் பஸ்ஸில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்னால் இருப்பவர் ஐந்து ரோட்டிலும் பின்னால் இருப்பவர் அஸ்தம்பட்டியிலும் இறங்குகிற மாதிரி என்றால் தனித்தனியாக வாங்கிவிடுங்கள்.

மெஷினில் வருவது வெப்பத்தால் எழுத்து பதியும் தாள். வெயிலிலும் எண்ணெய்க் கையிலும் எழுத்து மங்கிவிடும், கசக்கி உள்ளங்கையில் வைத்திருந்தால் வியர்வையில் படிக்க முடியாமல் போகும். மடித்துப் பையில் வையுங்கள். இறங்கும்போதே ஜன்னல் வழியாகப் பறக்கவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், இறங்கியவரிடமும் டிக்கெட் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஸ்டாப்பில் நின்று இறங்குகிறவர்களிடம் பார்க்கும் செக்கிங் இதனால்தான்.

ஏற்காடு பஸ்ஸில் யுபிஐயை மலைப்பாதை வரை ஒத்திப்போடாதீர்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்துவிட்டால் மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள், சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். பணம் உங்கள் கணக்கில் கழிந்து கண்டக்டர் மெஷினுக்குத் தகவல் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால், வளைவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அவருக்கும் எரிச்சல், உங்களுக்கும் எரிச்சல். பஸ் ஸ்டாண்டிலேயே, பஸ் கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள். அப்புறம், பாக்கெட்டில் கொஞ்சம் சில்லரை எப்போதும் இருக்கட்டும். நாகலூர், செம்மநத்தம் பக்கமிருந்து மூட்டையோடு இறங்கி வருகிறவர்களுக்கு இது தெரிந்ததுதான், சுற்றுலா வருகிறவர்கள்தான் ஒரு ரூபாய்கூட இல்லாமல் ஏறுகிறார்கள். மூட்டை பெரிதாக இருந்தால் அதற்கும் சுமை டிக்கெட் உண்டு, செக்கிங்கில் அதையும் பார்ப்பார்கள்.

பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் ஏறினால் காசு வேண்டாம், ஆனால் கண்டக்டர் ஒரு சீட்டு கொடுப்பார், அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கே அந்தச் சீட்டில்தான் நிற்கிறது. தனியார் டவுன் பஸ்ஸுக்கு இது பொருந்தாது. சேலத்தில் தனியார் பஸ் ஏராளம் என்பதால், முகப்பைப் பார்த்து ஏறுங்கள், சந்தேகம் என்றால் ஏறும்போதே கேட்டுவிடுங்கள். அரசு பஸ்ஸில் 5 வயது வரையிலான குழந்தைக்கு டிக்கெட் இல்லை. ரயிலிலும் 5 வயதுக்குக் கீழ் டிக்கெட் வேண்டாம், 5-லிருந்து 12-க்குள் என்றால் ஜெனரலில் அரை டிக்கெட்.

செக்கிங் வந்துவிட்டது, இனி?

டிக்கெட் சரியாக இருந்தால் பேச்சே தேவையில்லை. போனை நீட்டுங்கள், க்யூஆரை ஸ்கேன் செய்யச் சொன்னால் செய்யவிடுங்கள், திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். போனைத் திறந்து ஆப்பைத் தேடிக்கொண்டிருக்காமல், பெட்டியில் டிடிஆர் ஏறியதுமே ஆப்பைத் திறந்து வைத்தால் அவருக்கும் வேலை சீக்கிரம் முடியும்.

டிக்கெட் இல்லை என்றால் கணக்கு இப்படிப் போகும். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138-ஆம் பிரிவுப்படி, பயணம் செய்த தூரத்துக்கான கட்டணத்தோடு அபராதமும் உண்டு. அபராதம் என்பது 250 ரூபாய் அல்லது அந்தக் கட்டணத்துக்குச் சமமான தொகை, இதில் எது அதிகமோ அது. கட்டணம் 60 ரூபாய் என்று வையுங்கள்: 60-உம் 250-உம் சேர்த்து 310 ரூபாய். கட்டணம் 400 ரூபாய் என்றால் 400-உம் 400-உம் சேர்த்து 800 ரூபாய். எங்கே ஏறினீர்கள் என்பதில் சந்தேகம் வந்தால், வண்டி புறப்பட்ட ஸ்டேஷனிலிருந்து கணக்கிடலாம். கோவையிலிருந்து வரும் வண்டியில் சேலத்தில் ஏறியிருந்தாலும் கோவையிலிருந்து கட்ட நேரும் என்று அர்த்தம். சேலம் ஜங்ஷனில் எடுத்த 10 ரூபாய் பிளாட்பார டிக்கெட் கையில் இருந்தால், ஏறிய இடத்துக்கு அது ஒரு சாட்சியாகும். ஆனால் அது பயண டிக்கெட் ஆகாது.

பணம் கட்ட மறுத்தால் விஷயம் மாஜிஸ்திரேட் வரை போகும். ஏமாற்றும் எண்ணத்தோடு டிக்கெட் இல்லாமல் போனால் 137-ஆம் பிரிவு, அதில் 6 மாதம் வரை சிறையும் 1000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஸ்கிரீன்ஷாட்டில் தேதியைத் திருத்துவது, பழைய படத்தைப் புதியது மாதிரி மாற்றுவது எல்லாம் மறதி என்று சொல்லித் தப்ப முடியாத வகை. போலி ஆவணம் என்று போலீஸ் வழக்காகவும் ஆகலாம்.

நிஜமாகவே எடுக்க முடியாமல் ஏறிவிட்டீர்கள் என்றால், ஒளியாமல் நீங்களே முதலில் போய்ச் சொல்லுங்கள். இதைப் பலர் நம்புவதில்லை, ஆனால் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. 55-ஆம் பிரிவில், பிறகு கட்டணம் செலுத்தும் நிபந்தனையோடு ரயில்வே ஊழியரிடம் அனுமதி வாங்கிச் சான்று பெறலாம், அந்தச் சான்று இருந்தால் கட்டணம் மட்டும்தான், கூடுதல் அபராதம் இல்லை. டிடிஆர் உங்களைக் கண்டுபிடித்த பிறகு கேட்டால் இது கிடைக்காது.

தனியாகப் போகும் பெண்களும் சிறுவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. டிக்கெட் இல்லை என்பதற்காக, உடன் ஆண் துணை இல்லாத பெண்ணையோ குழந்தையையோ கண்ட இடத்தில், ராத்திரியில் இறக்கிவிட முடியாது. 139-ஆம் பிரிவுப்படி அவர் ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், வண்டி முடியும் ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர ஸ்டேஷன், இவற்றில் ஒன்றில், பகலில் மட்டுமே இறக்கலாம். அபராதத்திலிருந்து இது விலக்கு இல்லை, இறக்கிவிடுவதிலிருந்து மட்டும்தான்.

பஸ்ஸில் அபராதம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-ஆம் பிரிவில் வருகிறது, 500 ரூபாய் வரை. அதே பிரிவு, கட்டணம் வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்காத கண்டக்டருக்கும் அபராதம் சொல்கிறது. அதனால் நெரிசலில் காசு கொடுத்துவிட்டுத் தாள் வரவில்லை என்றால், இறங்கும்வரை காத்திருக்காமல் அப்போதே கேளுங்கள், பக்கத்தில் இருப்பவர்களும் கேட்கிற மாதிரி கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

அபராதம் கட்டினால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். ரயிலில் அது அச்சடித்த ரசீதாக வரும், அதையே அந்தப் பயணத்துக்கு டிக்கெட்டாகவும் வைத்துக்கொள்ளலாம். டிடிஆரிடம் அதிகாரப்பூர்வ க்யூஆர் இருந்தால் யுபிஐயில் கட்டலாம், ஆனால் "என் நம்பருக்குப் போடுங்க" என்று சொந்த நம்பர் கொடுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சட்டையில் பெயர் பட்டை இருக்கும், சந்தேகம் என்றால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் கோபப்படாமல் காட்டிவிடுகிறார்கள்.

தொகை தவறு, ரசீது தரவில்லை, மிரட்டினார் என்றெல்லாம் இருந்தால் வண்டியில் சண்டை வளர்க்க வேண்டாம். ரயில்வே உதவி எண் 139-ஐ அழையுங்கள், அல்லது ரயில்ஒன்னுக்குள்ளேயே புகார் பகுதி இருக்கிறது. வண்டி எண், பெட்டி எண், நேரம், ரசீது இருந்தால் ரசீது எண், டிக்கெட்டின் புக்கிங் எண் இவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு எழுதுங்கள், இறங்கிய பிறகு எழுதினாலும் எடுத்துக்கொள்வார்கள்.